இருளப்பன் தூக்கியவர்கள்

நாகலூரணி தீயணைப்பு நிலையத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்து, ஊரில் எரிந்த நெருப்பின் புகையில் பாதியைத் தன் நெஞ்சுக்குள் வாங்கிக்கொண்டு ஓய்வுபெற்ற இருளப்பன், ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில், மகள் ஆற்றிக் கொடுத்த காபியைக் கையில் வாங்கி, குடிக்காமலேயே செத்துப்போனார். அந்த நேரத்தில், அவர் தன் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்து பிழைக்க வைத்த அத்தனை பேருடைய கால்களும் தரையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பின.

பரோட்டாக் கடை சிக்கந்தர் அப்போது மாவு வீசிக்கொண்டிருந்தார். கல் ஏன் கீழே போகிறது என்று பார்த்தார். கல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, தான்தான் மேலே வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும், சொன்ன பரோட்டாவைப் போட்டு முடிக்காமல் எதையும் யோசிக்கக் கூடாது என்று குனிந்தபடியே வீசினார். சாவித்திரி டீச்சர், கரும்பலகையின் மேல் விளிம்பில் பல வருஷமாக யாருக்கும் எட்டாமல் கிடந்த ஒரு பழைய தேதி கைக்கு எட்டியதால், அதை முதலில் அழித்தார். நான் தொழிற்சங்க அலுவலக வாசலில் கொடிக்கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். கால் தரையில் இல்லை என்பது எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. முதலில் தெரிந்தது என் அடிவயிற்றுக்குக் கீழே ஒரு தோள். எலும்பும் ஈரக் காக்கித் துணியுமாக, புகையும் தேங்காயெண்ணெயும் மணக்கிற தோள். தீக்குச்சி அடுக்குகிற தீப்பெட்டி ஆபீஸ் எரிந்த அன்றைக்கு என்னைச் சுமந்த தோள்.

இழவு வீட்டுக்கு நாங்கள் மிதந்தே போனோம். போகிற வழியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், நீயுமா என்று. பந்தலில் வைத்து டீச்சர்தான் சொன்னார். மழை வருஷத்தில் ஊரணிக்குள் கவிழ்ந்த பள்ளி வேனிலிருந்து இருளப்பன் தூக்கி வந்தவர் அவர்.

"ஒரு ஆளைத் தோள்ல போட்டா கால் தொங்கும்ல, அந்த உயரம்தான் இது. இன்னும் நம்மள எறக்கி விடல அவரு."

அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. எங்கள் ஊர் அப்படித்தான். மழை ஏன் வரவில்லை என்று கேட்டுக் கேட்டு அலுத்த ஊர், எது வந்தாலும் அதற்கு வரிசை எங்கே நிற்கிறது என்றுதான் கேட்கும். மிதக்கிறவர்களுக்கு ரேஷன் கடையில் தனி வரிசை வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. டவுன்பஸ் கண்டக்டர், "நிக்கிறவனுக்கும் டிக்கெட்டு, ஒக்காந்தவனுக்கும் டிக்கெட்டு, மெதக்குறவனுக்கு என்னன்னு டிப்போவுல கேட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் தலைய குனிஞ்சே வாங்க" என்றான். வீட்டு வாசல் நிலைகளை உடைத்து உயர்த்திக் கட்டினார்கள். கொத்தனார்களுக்கு அந்த வருஷம் நல்ல வேலை. செருப்புக் கடைக்காரர் எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்ன வயசில் கிணற்றிலிருந்து இருளப்பன் எடுத்துவந்த பையன் ஒருவனுக்குத் தை மாதம் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு ஒரு முழ உயரத்தில் மணைப்பலகை செய்து போட்டு, தாலி கட்டுகிற கையும் கழுத்தும் ஒரு மட்டத்தில் இருக்கிறதா என்று ஆசாரியை வைத்து ரசமட்டம் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் எங்களைத் திரும்பிப் பார்ப்பதை ஊர் விட்டுவிட்டது. காட்டுக்கு விறகு பொறுக்கப் போகிற பெண்கள் மட்டும், "முள்ளு குத்தாத காலு, சும்மா தொங்குதே, ரெண்டு கட்டு பொறுக்கிட்டு வந்தா என்ன" என்று எங்களை ஏவினார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் ஊரால் அவ்வளவு லேசாக விழுங்க முடியவில்லை. இருளப்பன் கீழக்காலனிக்காரர். அவர் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியவர்களில் மேலத்தெருக்காரர்களும் உண்டு. புகை அடங்கி, உடம்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, உடுத்தியிருந்த துணியைத் தூர எறிந்து, தூக்கிய கையை யாரும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டு அவர்கள் வாழ்ந்து வந்தார்கள். நான் வாழ்நாள் முழுக்கத் துண்டுப் பிரசுரம் அடித்துக் கொடுத்திருக்கிறேன். மனுசனை மனுசன் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று இருநூறு விதமாக எழுதி, டீக்கடையில் வடை மடிக்க அது உதவியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு காகிதமும் சாதிக்காததை அந்த மனிதரின் சாவு ஒரு காலையில் சாதித்தது. மேலத்தெருவில் யார் யார் தரையில் கால் பாவாமல் கோவிலுக்குப் போகிறார்கள் என்று காலனிப் பிள்ளைகள் திண்ணமாக எண்ணிச் சொன்னார்கள்.

ஊரெல்லாம் இருளப்பனைச் சுமந்துகொண்டு, இல்லை, இருளப்பனால் சுமக்கப்பட்டுக்கொண்டு திரிந்தபோது, அவர் மகள் முத்தரசி மட்டும் தரையில் நடந்தாள்.

மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை அவளுக்கு. வீடு வீடாகப் போவாள். போன இடத்திலெல்லாம், "உங்கப்பா இந்தா இருக்காருத்தா, இந்தா, இந்த எடத்துல" என்று மிதக்கிறவர்கள் தங்கள் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு மீட்டரைப் பார்ப்பாள்.

பிறந்த இரண்டாம் நாளே தாயை இழந்தவள். இருளப்பன் மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வண்டி நிறுத்துகிற கொட்டகைக்குப் பின்னால் இருந்த குவாட்டர்ஸில், தன் அக்காள் ராக்கம்மாளைத் துணைக்கு வைத்துக்கொண்டு மகளை வளர்த்தார். தினமும் அவர்தான் தலை சீவிவிட்டார். தீயணைப்புக் குழாய் முனையில் போடுகிற முடிச்சைப் போல இறுக்கிப் பின்னினார். சாயங்காலம் வரை அந்தச் சடை அவிழாது. பள்ளிக்கூட வாசலில் சீருடையோடு நின்று கூட்டி வந்தார். எல்லாம் செய்தார், பேச மட்டும் மாட்டார். வா. சாப்பிடு. படி. அத்தோடு சரி.

கருமாதி முடிந்து, தையும் கழிந்த பிறகு ஒரு நாள் அவள் சங்க அலுவலகத்துக்கு வந்தாள். மீட்டர் பார்க்கத்தான் வந்தாள். பார்த்து முடித்தும் போகாமல் நின்றாள்.

"தோழர், எல்லார்க்கும் அப்பா கெடச்சிருக்காரு. எனக்கு ஏன் இல்ல?"

"உன்னை அவரு நெருப்புலேர்ந்து தூக்கலையே தாயி."

"அப்ப நானும் எரிஞ்சிருக்கணுமா?"

சும்மா அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று, என் காதில் கேட்டுக்கொண்டிருந்ததைச் சொன்னேன்.

ஆமாம், காதில் கேட்கும். தோள் மட்டுமில்லை, பேச்சும் இருந்தது. தூக்கி வருகிற ஆள் மயங்கிவிட்டால் மறுபடி மூச்சு வாங்குவது கஷ்டம், அதனால் வெளியே வரும்வரை எதையாவது பேசிக்கொண்டே வர வேண்டும் என்பது அந்த வேலையின் பாடம். வீட்டில் வாய் திறக்காத மனிதர் புகைக்குள் பேசினார். அவருக்குப் பேசுவதற்கு இருந்தது ஒரே விஷயம். புகையிலும் தண்ணீரிலும் கிடந்த எங்களுக்கு அன்று அது புரியவில்லை. இப்போது, மிதக்கத் தொடங்கியதிலிருந்து, அன்று சொன்ன அதே பேச்சு, ஊரணிக் கரையில் காற்று வருவது போல, வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

"'தூங்கிராதிக தோழர், கேளுங்க, எம்பொண்ணுக்கு முன்னம்பல்லு விழுந்துருச்சு. கூரையில எறியணுமாம். எங்களுது கான்கிரீட்டுக் கூரை, எறிஞ்சா உருண்டு கீழ விழுது. ஏழெட்டுத் தடவ எறிஞ்சேன். அவ சிரிக்கிறா. ஓட்டப்பல்லோட சிரிக்கிறா. கடைசியில ஏணி போட்டு ஏறி வச்சுட்டு வந்துட்டேன்.' இதான் தாயி எனக்குச் சொன்னது."

முத்தரசி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பல்லை அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஏணி ஞாபகம் இல்லை.

நான் சொல்லி முடித்ததும் தோள் மெல்லச் சரிந்தது. தாய் தூங்குகிற பிள்ளையைப் பாயில் விடுவாளே, அப்படி என் கால் சிமெண்டுத் தரையில் பட்டது. காது வெறுமையாகிவிட்டது. போலீஸ் என்னைப் பலமுறை தூக்கிப் போட்டிருக்கிறது, மாலை போட்டுக் கூட்டமும் ஒருமுறை தூக்கியிருக்கிறது. அவ்வளவு பத்திரமாக இறக்கிவிட்டவர் வேறு யாருமில்லை. தரையின் குளிர்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை. இன்றுவரை பிடிக்கவில்லை.

செய்தி ஊருக்குப் பரவியது: முத்தரசியிடம் சொன்னால் இறங்கிவிடுவோம்.

சிலர் உடனே சொன்னார்கள். வேண்டாம் என்று கதவைச் சாத்தியவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். சாவித்திரி டீச்சர் பங்குனி வரை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, முழுப் பரீட்சை முடிந்த அன்று முத்தரசியை வகுப்பறையில் உட்கார வைத்துச் சொன்னார்: சைக்கிள் பழகும்போது பின்னால் பிடித்திருந்த கையை இருளப்பன் எடுத்துவிட்டதாகவும், அவள் தெருக்கோடி வரை போய்விட்டதாகவும், திரும்பி வருவாளா என்று தெரியாமல் அவர் நடுத்தெருவிலேயே நின்றதாகவும். அவள் வயசுக்கு வந்த அன்று இருளப்பன் எந்தக் கடையில் போய் என்ன கேட்பது என்று தெரியாமல் மூன்று கடை ஏறி இறங்கியதை ஒரு லாரி டிரைவர் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னார். சிக்கந்தர் மட்டும் வெகுநாள் இழுத்தடித்தார்.

"எங்க வாப்பா நான் பொறக்குறதுக்கு முன்னாடியே மவுத்தாயிட்டாரும்மா. என்னைய யாரும் தூக்கினதில்ல. கொஞ்ச நாள் இருந்துக்கிறேனே."

"இருங்க பாய். நான் அவசரப்படுத்தல."

பக்ரீத் அன்று பிரியாணி கொடுத்தனுப்பாமல் தானே எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் மிதந்தபடி சொல்லிவிட்டு, நடந்து திரும்பிப் போனார்.

இப்படி அவளுடைய பிள்ளைப் பருவம் ஊர் வாயிலிருந்து அவளிடம் வந்து சேர்ந்தது. ஒரு நாள் மட்டும் வரவில்லை. அவள் பிறந்த நாள்.

ராக்கம்மா அத்தைக்குக் கோபம் வந்தால் சொல்லுகிற கதை அது. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வாசலில் இருளப்பன் நின்றிருந்தார். உள்ளே குழந்தை அழுத சத்தம் கேட்ட நேரம், தெருவில் தீயணைப்பு வண்டியின் மணிச் சத்தமும் கேட்டது. ஓடிப்போய் வண்டியில் தொற்றிக்கொண்டார். "புள்ள மூஞ்சியப் பாக்காம நெருப்பப் பாக்க ஓடுனவன் உங்கப்பன்" என்பாள் அத்தை. பார்த்துவிட்டுத்தான் போனார் என்று ஒரு நர்சு சொன்னதாகவும் பேச்சு உண்டு. முத்தரசி பத்து வயதில் அவரிடமே கேட்டிருக்கிறாள், என்னைப் பாத்துட்டுப் போனீங்களா, பாக்காமப் போனீங்களா என்று. அவர் சீப்பை நிறுத்தவில்லை. பின்னி முடித்து, "படி" என்றார்.

அன்றைக்கு எரிந்தது வரதராசு முதலாளியின், பருத்தி அரைக்கிற ஜின்னிங் மில். பஞ்சுக் கிடங்குக்குள் மாட்டிக்கொண்டவர் முதலாளி ஒருவர்தான்; தூக்கி வந்தது இருளப்பன்தான். நான் அப்போது மில் வாசலில் சங்கக் கொடியோடு நின்றேன், கண்ணால் பார்த்தேன். வெளியே கொண்டுவந்து போட்டுவிட்டு, கரி படிந்த வாயோடு அந்த மனிதர் தண்ணீர் கேட்டார். கையை ஏந்தச் சொல்லி, முதலாளி வீட்டு ஆள் எட்ட நின்று மேலேயிருந்து ஊற்றினான். முதலாளியோ, "நானே நடந்துதான் வந்தேன்" என்று அன்றிலிருந்து சொல்லிவந்தார்.

அவரும் இப்போது மிதந்தார். மறைக்கப் பார்த்தார். பஞ்சு நிறுக்கிற இரும்புப் படிக்கற்களைக் காலில் கட்டிப் பார்த்தார், கற்களும் கூடவே மிதந்தன. வீட்டுத் தரை முழுவதையும் ஒரு முழம் உயர்த்தி மொசைக் போட்டார், நிற்பது போலத் தெரியட்டும் என்று. தரை உயர்ந்ததும் அவரும் அதற்கு மேல் ஒரு முழம் உயர்ந்தார். மறுபடி உயர்த்தினார். கடைசியில் மின்விசிறியைக் கழற்ற வேண்டி வந்தது. அத்தோடு கொத்தனாரை நிறுத்தினார். மனைவி இறந்து, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, உத்தரத்துக்குப் பக்கத்தில் தலை இடிக்காமல் ஒடுங்கிக்கொண்டு அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார்.

முத்தரசி போய்க் கேட்டாள். நடந்துதான் வந்தேன் என்றார். மறுபடி போனாள். நாய் இருக்கிறது என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்தாள்.

எனக்குக் கூலிக்குப் போராடத் தெரியும், பட்டாவுக்கும் குடிதண்ணீருக்கும் போராடத் தெரியும். இதற்கு எப்படி என்று தெரியவில்லை. ஆனாலும் நோட்டீஸ் எழுதினேன்: 'ஒரு மகளுக்குத் தகப்பன் விட்டுப்போன சொல்லைப் பதுக்கி வைத்திருக்கும் வரதராசுவே, சொல்லைத் திருப்பிக் கொடு.' காலனி வந்தது, தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வந்தார்கள், ஏற்கெனவே தரைக்கு வந்துவிட்டவர்கள் எல்லாரும் வந்தார்கள். காலையில் முதலாளி வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். இன்ஸ்பெக்டர் வந்து நோட்டீஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எந்தச் செக்‌ஷன்ல கேக்குறீங்க பெரியவரே?"

"செக்‌ஷன் இல்லாமத்தான் இத்தன நாளு கெடக்கு சார்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

முத்தரசி எழுந்து கேட்டைத் திறந்து முற்றத்துக்குள் போனாள். சுவர் உச்சியில் காற்று வருவதற்காக விட்ட சின்ன ஜன்னலில் முதலாளியின் முகம் தெரிந்தது. முகம் மட்டும்தான் தெரிந்தது.

"வெரட்டி விடச் சொல்லவா?" என்றார்.

"சொல்லுங்க. வர்றதுக்கு யாரு இருக்கா சார்?"

அவள் அவரை முதலாளி என்று சொல்லவில்லை, சார் என்றாள். அவர் அதைக் கவனித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு, எங்களுக்குக் கேட்காது என்று நினைத்தோ என்னவோ, குரலைத் தாழ்த்தினார்.

"சொன்னாப் போயிருமேம்மா. எம்பிள்ளைக மாசத்துக்கு ஒருக்க போன்ல பேசுறாங்க, அதுவும் டாக்டரப் பாத்தீங்களான்னு. இந்தச் சத்தம்தான் எனக்குத் தொணையா இருக்கு. என்னைத் தொட்டுப் பேச வேற யாரு இருக்கா?"

"தொடக்கூடாதுன்னு சொன்னது யாரு?" என்றேன் நான் வாசலிலிருந்து. என் வாய் அப்படி. முத்தரசி திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் ஜன்னலுக்கு நேர் கீழே போய் நின்றாள்.

"சார், நீங்க அதத் தெனமும் கேக்கிறீங்க. நான் ஒரு நாளும் கேட்டதில்ல. அவரு என்கிட்ட பேசினத எல்லாம் சேத்தா ஒரு போஸ்ட் கார்டு நெறையாது. மத்த நாளெல்லாம் எனக்கு வந்துருச்சு. இந்த ஒண்ணு இல்லாம நான் எங்க பொறந்தேன்னே எனக்குத் தெரியல. பாக்காமப் போனாருன்னா பாக்காமப் போனாருன்னு சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு, தன் குரலில், இருளப்பன் மாதிரியே சொன்னார்; அந்த மேலத்தெரு வாயில் எங்கள் காலனிப் பேச்சு வந்தது.

"'மொதலாளி, கண்ண மூடாதீக. மூச்சு விடுங்க. எனக்குப் புள்ள பொறந்துருக்கு. பொண்ணுபோல இருக்கு, அழுத சத்தம் அப்படித்தான் இருந்துச்சு. இன்னும் பாக்கல. உங்கள வெளிய விட்டுட்டுத்தான் போயிப் பாக்கணும். வாசல் எங்கன்னு தெரியல மொதலாளி, ஒரே பொகையாக் கெடக்கு. வந்த வழியும் தெரியல. ஆனா எம்புள்ள எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுது. எப்படின்னு கேக்காதீக, தெரியுது. அந்தப் பக்கமா நடக்கிறேன். சுவரு குறுக்க வந்தா ஒடச்சுக்கிட்டுப் போறேன். நீங்க கண்ண மட்டும் மூடாதீக.'"

சுவர் குறுக்கே வந்தது. அதை நான் பார்த்தேன். வாசலில் நின்ற நாங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் கிழக்குச் சுவரைக் கடப்பாறையால் இடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஏன் அந்தச் சுவர் என்று அன்று யாருக்கும் விளங்கவில்லை. பஞ்சு இல்லாத பக்கம் என்று சர்க்கார் விசாரணையில் எழுதிக்கொண்டார்கள்.

ஜன்னலிலிருந்து முகம் கீழே இறங்கி மறைந்தது. உள்ளே எதுவோ சரிகிற சத்தம். கொஞ்சம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, பழக்கமில்லாத கால்களோடு வரதராசு வெளியே வந்தார். படி இறங்கும்போது தடுமாறி, யாரிடம் என்று பார்க்காமல் கையை நீட்டினார். முத்தரசி கையைக் கொடுத்தாள். அவர் நின்று நிதானித்ததும் விட்டாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

"எனக்குக் கேக்கலையேம்மா இப்ப" என்றார் அவர். அழுதார். "ஆனா மறக்கல, சொல்றேன்." சொன்னார். எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். கோஷம் போட வேண்டிய இடம் அது. நான் கையைத் தூக்கவில்லை.

முத்தரசி எங்களைக் கடந்து போனாள். கருவேலம் முளைத்துக் கிடக்கிற பழைய மில்லுக்குள் நுழைந்தாள். கிழக்குச் சுவரில் அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது, ஒரு ஆள் இன்னொரு ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து வருகிற அளவுக்கு. அதன் வழியாக வெளியே வந்து, வண்டிப் பாதையில் இறங்கி, சந்தைப்பேட்டையைத் தாண்டி, வெயிலில் நேர் கிழக்கே, அரசு ஆஸ்பத்திரி இருக்கிற பக்கமாக நடந்தாள். யாரும் கூடப் போகவில்லை. அந்தத் தெருக்களில் இருந்தவர்கள், அவள் கால் தரையில்தான் இருந்தது என்றும், ஆனால் எதையோ தோளில் வைத்திருப்பவள் போல ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள் என்றும் பிறகு சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வாசலில் போய் நின்றாளாம். உள்ளே ஏதோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்ததாம். பார்வை நேரம் முடிந்துவிட்டது, யாரைப் பார்க்க வேண்டும் என்று வாட்ச்மேன் கேட்டானாம்.

"பாத்தாச்சுண்ணே" என்றாளாம்.